டாப் தயார், குவில்ட் எப்போது முடியும்?

அடையாறு_ஊசி (சென்னை)

வணக்கம். குவில்ட் என்கிற அடுக்குப் போர்வையில், துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கிற மேல்துணியான டாப்பை முடிக்கிற வரைக்கும் எனக்கு நேரம் போவதே தெரியாது. துணி தேர்ந்தெடுப்பது, வெட்டுவது, கால் அங்குலத் தையலில் ஒன்றோடு ஒன்றைச் சேர்ப்பது, இஸ்திரி போட்டதும் நான்கு மூலையும் ஒரே புள்ளியில் வந்து நிற்பதைப் பார்ப்பது, எல்லாமே சந்தோஷம். அப்புறம்தான் வேலை அப்படியே படுத்துவிடுகிறது. மேலே டாப், நடுவில் பேட்டிங் என்கிற பஞ்சு அடுக்கு, அடியில் பேக்கிங் என்கிற பின்துணி என்று மூன்றையும் அடுக்க வேண்டும், ஊக்கு குத்த வேண்டும், மூன்றும் ஒன்றாக நிற்கும்படி குவில்ட்டிங் தையல் போட வேண்டும், கடைசியில் சுற்றிலும் ஓரம் கட்டுகிற பைண்டிங். இந்தப் பின்பாதியைப் பற்றி யாரும் விவரமாகப் பேசுவதில்லை. பீரோவில் வெறும் டாப்புகளாகவே சேர்ந்துகொண்டு போகிறது.

இப்போது கையில் இருப்பது 60-க்கு 80 அங்குலம். அம்மாவின் சுங்குடிச் சேலைகளும் டூ பை டூ பிளவுஸ் பிட்டுகளும் கலந்து அக்கா மகளுக்காகத் தைத்தது. சோபாவை நகர்த்தினால்தான் ஹாலில் விரிக்க முடியும். விரித்துவிட்டால் வீட்டில் ஒருவரும் நடமாட முடியாது. நீங்களெல்லாம் எந்த இடத்தில் தேங்குகிறீர்கள்? எப்படி முடிக்கிறீர்கள்?

பஞ்சுப்பொதி (கோயம்புத்தூர்)

அடுக்குகிற இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் தேங்குவது. தரையில் முட்டி போட்டு ஊக்கு குத்துவதை நினைத்தாலே நாளை பார்க்கலாம் என்று தோன்றும். தரையே வேண்டாம், சாப்பாட்டு மேஜை போதும்.

மூன்று அடுக்கிலும் நடுப்புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். மேஜையின் நடுவில் ஒரு பல்குச்சியை டேப் போட்டு ஒட்டிவிட்டால், மேலே எத்தனை துணி விழுந்தாலும் தடவிப் பார்த்தாலே நடு தெரியும். பேக்கிங்கை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, மேஜை விளிம்பில் பெரிய பைண்டர் கிளிப் போடுங்கள். சுருக்கம் இல்லாமல் இருந்தால் போதும், இறுக்கி இழுக்க வேண்டாம். இழுத்துக் குத்தினால், கிளிப்பை எடுத்ததும் துணி பழைய அளவுக்குத் திரும்பி, பின்பக்கம் கொசுவம் கொசுவமாக விழும். அதன்மேல் பேட்டிங், அதன்மேல் டாப். நடுவில் ஆரம்பித்து வெளியே போங்கள், ஒரு முஷ்டி அகலத்துக்கு ஒரு ஊக்கு. மேஜை அளவு முடிந்ததும் நகர்த்திக் கிளிப் போட்டு அடுத்த பகுதி.

பேக்கிங், டாப்பைவிட ஒவ்வொரு பக்கமும் மூன்று நான்கு அங்குலம் பெரிதாக இருக்கட்டும். தைக்கத் தைக்க மேல்துணி வெளியே தள்ளிக்கொண்டே வரும்.

மாடித்தோட்டம் (வேளச்சேரி)

ஊக்கு குத்திய பிறகு அப்படியே மடித்து மாதக்கணக்கில் வைக்காதீர்கள். நம் கடற்கரைக் காற்றில் சாதாரண ஊக்கு துருப்பிடிக்கும். வெளிர் துணியில் விழுந்த துருக்கறை லேசில் போகாது. உடனே தைக்க முடியாதவர்கள் துருப்பிடிக்காத எஃகு ஊக்கு வாங்குங்கள், அல்லது வெள்ளை நூலில் நீளநீளமாக ஓட்டுத்தையல் போட்டு வையுங்கள். நூல் எத்தனை மாதம் கிடந்தாலும் துணிக்கு ஒன்றும் ஆகாது.

பனிக்காலம் (டொராண்டோ)

நான் அடுக்குவதே இல்லை. டாப்பையும் பேக்கிங்கையும் தனித்தனியாக மடித்து, லாங்ஆர்ம் மெஷின் வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுவேன். பத்துப் பன்னிரண்டு அடி நீளச் சட்டத்தில் டாப்பையும் பேக்கிங்கையும் தனித்தனி உருளையில் ஏற்றி, நடுவில் பேட்டிங்கை விரிப்பார்கள். துணி அசையாது, மெஷின்தான் அதன்மேல் ஓடும். ஊக்கு கிடையாது, முட்டி வலி கிடையாது. கொடுப்பதற்கு முன் டாப்பின் பின்னால் தொங்கும் நூல்களையெல்லாம் நறுக்க வேண்டும். வெள்ளைத் துணிக்குப் பின்னால் ஒரு கருப்பு நூல் தங்கினாலும் காலத்துக்கும் தெரியும்.

கூலி சதுர அங்குலக் கணக்கு. ஒரே டிசைனை ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் ஓட்டுவதற்கு மூன்று சென்ட் என்று வைத்துக்கொண்டால், அடையாறு சொல்கிற 60-க்கு 80 அளவுக்கு 4,800 சதுர அங்குலம், 144 டாலர். துணிச் செலவும் பேட்டிங்கும் தனி. கிறிஸ்துமஸ் நெருங்கினால் வரிசையில் காத்திருக்க வேண்டும். ஆனால் திரும்பி வருகிற அன்று கிடைக்கிற சந்தோஷத்துக்காக இந்தப் பணத்தை ஒதுக்கி வைக்கிறேன். மிச்சம் இருப்பது பைண்டிங் மட்டும்தான். வெளியே பனி கொட்டும்போது மடியில் குவில்ட்டைப் போட்டுக்கொண்டு ஓரம் தைப்பதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியாது.

நெல்லை_நூல்கண்டு (திருநெல்வேலி)

டொராண்டோ தங்கச்சி தப்பாக நினைக்க வேண்டாம். டாப் என்பது ஒட்டுப்போட்ட துணி. மூன்று அடுக்கையும் துளைத்துக்கொண்டு போகிற தையல்தான் அதைக் குவில்ட் ஆக்குகிறது. அந்தத் தையலை இன்னொருவர் மெஷினில் ஓட்டிக் கொடுத்தால், பாதிக் குவில்ட் உங்களுடையது, பாதி அவருடையது.

நான் கையால்தான் தைக்கிறேன். பேட்டிங் வாங்குவதில்லை, பழைய பருத்திச் சேலையோ வேட்டியோ இரண்டு மூன்று மடிப்பு. நூறு முறை துவைத்த துணியில் ஊசி வெண்ணெயில் போவது போல் போகும். புதுக் காடாத் துணியில் அதே ஊசி முரண்டு பிடிக்கும். சேலையில் எல்லா இடமும் எடுக்கக் கூடாது. உட்காருகிற இடம், கொசுவத்தின் அடி இரண்டும் நைந்திருக்கும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் இழை விலகியிருப்பது தெரியும். முந்தானையும் ஃபால்ஸ் வைத்திருந்த பகுதியும் கெட்டியாக இருக்கும். சரிகைக் கரையை வெட்டி எடுத்துவிடுங்கள், குழந்தைக்கு உறுத்தும்.

ஊசி குட்டையாக, மெல்லியதாக இருக்கட்டும். நடுவிரலில் திம்பிள், அதாவது ஊசி குத்தாமல் காக்கும் விரலுறை. மேல்கை ஊசியை ஆட்ட, அடிக்கை விரல் நுனி மேலே தள்ளிக் கொடுக்க, மூன்று நான்கு தையலாக ஊசியில் ஏற்றி ஒரே இழுப்பு. அங்குலத்துக்கு எட்டுத் தையல், பத்துத் தையல் என்று பேசுவார்கள். ஐந்து வந்தாலும் ஒரே அளவாக வந்தால் பார்க்க அழகு. கஷ்டம் என்றால் அடிக்கை விரல்தான், ஊசி பட்டுப் பட்டு மரத்துப்போகும். ஒரு பக்கம் முடித்துத் திருப்பிப் பார்க்கும்போது, பின்துணியில் அதே கோலம் தையலாக மட்டும் தெரியும் பாருங்கள், அதற்காக எத்தனை ராத்திரி வேண்டுமானாலும் உட்காரலாம்.

பனிக்காலம் (டொராண்டோ)

அக்கா, உங்கள் கைத்தையலைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஆனால் பாதிக் குவில்ட் என்பதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. பின்பாதியை ஒருத்தியே தனியாகச் செய்ய வேண்டும் என்பது எல்லா இடத்திலும் வழக்கமாக இருந்ததில்லை. வட அமெரிக்காவில் டாப்பை வீட்டில் தைப்பார்கள், குவில்ட்டிங்குக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒரே சட்டத்தைச் சுற்றி உட்காருவார்கள். அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற ஊர்க் கறுப்பினப் பெண்களின் குவில்ட்டுகள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு வந்தன, 2006-இல் அமெரிக்கத் தபால்தலையிலும் ஏறின. அவர்களும் டாப்பைத் தனித்தனியாகத் தைத்து, குவில்ட்டிங்கைச் சேர்ந்து உட்கார்ந்து செய்தவர்கள்தான். டாப் தைத்தவளின் பெயரில்தான் அந்தக் குவில்ட் இன்றைக்கும் தொங்குகிறது.

நெல்லை_நூல்கண்டு (திருநெல்வேலி)

சேர்ந்து உட்கார்ந்தார்கள் இல்லையா, அதைத்தான் நானும் சொல்கிறேன். பார்சல் அனுப்பவில்லையே.

கான்பெரா_கதிர் (ஆஸ்திரேலியா)

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். டாப்போடு நின்றதெல்லாம் அரைகுறை என்று யாரும் மனம் நொந்துபோக வேண்டாம். இங்கே தேசிய கலைக்கூடத்தில் ராஜா குவில்ட் என்று ஒன்று இருக்கிறது. 1841-இல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டுக்கு நாடு கடத்தப்பட்ட பெண் கைதிகள், ராஜா என்கிற கப்பலில் வரும் வழியில் தைத்தது. நீளமும் அகலமும் மூன்று மீட்டருக்கு மேல். அதற்குப் பேட்டிங்கும் இல்லை, பின்துணியும் இல்லை. துணியும் நூலும் கொடுத்து அனுப்பிய பெண்கள் குழுவுக்கு நன்றி சொல்லி அதிலேயே எம்பிராய்டரி செய்திருக்கிறார்கள். கப்பலில் அவ்வளவுதான் முடியும். அது இன்று இந்த நாட்டின் பெரிய பொக்கிஷங்களில் ஒன்று.

போர்த்திக்கொள்ளத் தைத்ததை முடித்துத்தான் ஆக வேண்டும், அதை மறுக்கவில்லை. மெல்லிய பின்துணி மட்டும் கொடுத்துக் கோடைக்காலப் போர்வையாக முடிக்கலாமே. சென்னைக்குப் பேட்டிங் எதற்கு?

தார்வாட்_தமிழ் (கர்நாடகா)

பேட்டிங் இல்லாத குவில்ட் என்றதும் எழுதத் தோன்றியது. எங்களுக்குப் பக்கத்து உத்தர கன்னட மாவட்டத்தில், ஹளியாள், எல்லாபுரம் பக்கக் கிராமங்களில் சித்தி இனப் பெண்கள் தைப்பது கவந்தி. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். அந்த முறையில் இங்கே பேசுகிற பிரச்சினை ஒன்றுகூட வராது.

பழைய சேலையை அடியில் விரிப்பார்கள். ஒரு மூலையில் ஆரம்பித்து, ஓரத்தை மடித்து, துண்டுத் துணியை அதன்மேல் வைத்து ஓட்டுத்தையலால் தைத்தபடியே நான்கு பக்கமும் சுற்றி வருவார்கள். அடுத்த சுற்று அதற்கு உள்ளே, அதற்கு உள்ளே என்று நடுவை நோக்கிப் போகும். டாப் தைப்பது, குவில்ட்டிங், ஓரம் கட்டுவது எல்லாம் ஒரே கையோட்டத்தில் முடிகிறது. நடுத்துண்டு வைத்தால் வேலை முடிந்தது, பைண்டிங் என்று தனியாக எதுவும் கிடையாது. கடைசியில் நான்கு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து அடுக்கி வைப்பார்கள், அதன் பெயர் ஃபூலா. அது இல்லாத கவந்தியை நிர்வாணமாக இருக்கிறது என்று சொல்வார்கள்.

நான் கவந்தி தைக்கத் தொடங்கிய பிறகு பாதியில் நிற்பது என்பதே போய்விட்டது. ஓரம் முதல் நாளே முடிந்துவிடுவதால், மடியில் வைக்கும்போதே போர்வை மாதிரிதான் இருக்கும். குழந்தைகள் அதன் ஒரு முனையில் தூங்க, மறுமுனையில் தைத்திருக்கிறேன்.

பஞ்சுப்பொதி (கோயம்புத்தூர்)

ஓரத்திலிருந்து உள்ளே வந்தால் நடுவில் துணி உப்பிக்கொள்ளாதா? நாங்கள் மெஷினில் நடுவிலிருந்து வெளியே போவதே அதற்காகத்தான்.

தார்வாட்_தமிழ் (கர்நாடகா)

கையால் தைக்கும்போது ஒவ்வொரு துண்டையும் வைக்கிற நேரத்தில் தட்டிச் சமன் செய்துகொண்டே வருவதால் உப்பாது. கொஞ்சம் உப்பினாலும் அடுத்த துண்டு அதை வாங்கிக்கொள்ளும். மெஷினில் அந்த வசதி இல்லை.

பருத்திப்பூ (மதுரை)

அடையாறு, சுங்குடி என்றீர்களே, தைப்பதற்கு முன் சாயம் பார்த்தீர்களா? அம்மா பல வருஷம் கட்டித் துவைத்த சேலை பெரும்பாலும் பயமில்லை. புது பிளவுஸ் பிட்டுதான் ஆபத்து. அதுவும் அரக்கு, சிவப்பு, கருநீலம்.

போன வருஷம் ஒரு கடையில், சாயம் போகவே போகாது என்று அடித்துச் சொல்லி அரக்குத் துணி கொடுத்தார்கள். குவில்ட்டை முடித்து, பைண்டிங் வைத்து, முதல் துவையலில் வெள்ளைக் கட்டங்களெல்லாம் ரோஸ் நிறம். முடித்த பொருளுக்கு அப்படி ஆவதைப் பார்ப்பது இருக்கிறதே, அது யாருக்கும் நடக்கக் கூடாது.

ஆனால் காப்பாற்ற முடிந்தது, அதற்காகத்தான் எழுதுகிறேன். காய விடக்கூடாது, அதுதான் முதல் விதி. காய்ந்து சூடு பட்டால் கறையை எடுப்பது கஷ்டம். பெரிய டப்பில் நிறையச் சுடுதண்ணீர், அதில் பாத்திரம் தேய்க்கும் திரவம். குவில்ட் முழுக்க மூழ்கி, மிதந்து நகர இடம் இருக்க வேண்டும். இரவு முழுக்க ஊறட்டும். தண்ணீர் நிறம் மாறினால் கொட்டிவிட்டு மறுபடியும் அதே மாதிரி. தண்ணீர் தெளிகிற வரைக்கும் விடாதீர்கள். என்னுடையதில் ரோஸ் முழுக்கப் போய்விட்டது.

உப்புத் தண்ணீரில் முக்கினால் சாயம் நிற்கும் என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். கடையில் சாயம் போட்டு வந்த துணிக்கு அதை நம்ப முடியாது. ஈரமான வெள்ளைத் துணியை மேலே வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள், வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணியை நிறம் நிற்கும் வரை தனியாக அலசுங்கள்.

அடையாறு_ஊசி (சென்னை)

அக்கா, இப்போதுதான் அழுத்திப் பார்த்தேன். மெரூன் பிட் ஒன்றில் லேசாக ஏறுகிறது. நல்ல வேளை, டாப்பாகவே இருக்கிறது. இன்றைக்கே ஊற வைக்கிறேன்.

தமிழ்த்தறி (சிங்கப்பூர்)

எனக்கு வேலையின் கஷ்டம் பொருட்டே இல்லை. கொடுத்த பிறகு வருகிற கஷ்டம்தான். மாதக்கணக்கில் தைத்துக் கொடுத்த குவில்ட்டை வாங்கியவர்கள், அழுக்காகிவிடும் என்று கவரில் போட்டு அலமாரி மேல்தட்டில் வைத்துவிடுகிறார்கள். அல்லது, கடையில் இது என்ன விலை வரும் என்று கேட்கிறார்கள். இப்போது கொடுக்கும்போதே சொல்லிவிடுகிறேன்: துவைக்கலாம், குழந்தை தரையில் இழுக்கலாம், அதற்காகத்தான் இவ்வளவு தையல். பருத்திப் பேட்டிங் துவைத்ததும் கொஞ்சம் சுருங்கும், தையலுக்குத் தையல் துணி மெல்லச் சுருக்கம் விழுந்து மிருதுவாகும். அந்த முதல் துவையலுக்கு அப்புறம்தான் குவில்ட் அழகே.

பின்பக்க மூலையில் ஒரு துண்டில் உங்கள் பெயர், ஊர், வருஷம், யாருக்குத் தைத்தது என்று எழுதித் தையுங்கள். பழைய குவில்ட்டுகள் பலவற்றை யார் தைத்தது என்றே தெரியாமல் போனது இதைச் செய்யாததால்தான்.

திருச்சி_மருமகள் (திருச்சி)

இந்த இழையைத் தொடர்ந்து படித்துவருகிறேன், எழுதியதில்லை. என்னிடம் இருப்பது என் டாப் இல்லை, மாமியாருடையது. அறுகோணத் துண்டுகள், ஒவ்வொன்றையும் காகிதத்தின் மேல் மடித்துக் கையால் தைத்துச் சேர்த்தது. கட்டில் அளவில் முக்காலுக்கு மேல் வந்திருக்கும்போது அத்தை போய்விட்டார்கள்.

பின்னால் காகிதங்கள் அப்படியே இருக்கின்றன. காலண்டர் தாள், கல்யாணப் பத்திரிகை, பாதிக்கு மேல் நீல இன்லண்ட் லெட்டர். ஓர் அறுகோணத்தில் "நலம், நலமறிய" என்பதில் "நலமறி" வரைக்கும் இருக்கிறது, என் மாமனார் கையெழுத்து. அதற்குப் பக்கத்துத் துண்டில் அதே கடிதத்தின் வேறொரு வரி, தலைகீழாக. குவில்ட்டாக முடிக்க வேண்டுமென்றால் காகிதத்தை எடுத்தாக வேண்டும். எடுத்தால் இது போய்விடும். எடுக்காவிட்டால் யாரும் போர்த்த முடியாது. வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

நெல்லை_நூல்கண்டு (திருநெல்வேலி)

அம்மாடி, அவசரப்படாதே. முதலில் முழு டாப்பையும் பின்பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, பகல் வெளிச்சத்தில் படம் எடு. அப்புறம் வரிசை வரிசையாகக் கிட்டத்தில் எடு. ஆறு பக்கமும் தைத்துச் சேர்ந்துவிட்ட துண்டில் காகிதத்துக்கு வேலை முடிந்தது, காகிதத்தைப் பிடித்திருக்கிற கச்சாத்தையலை, அந்தத் தற்காலிகத் தையலை, பிரித்தால் காகிதம் கிழியாமல் வரும். வெளி ஓரத்து வரிசையில் மட்டும் பார்டர் வைக்கிற வரைக்கும் எடுக்காதே, ஓரம் இழுபட்டுப் போகும். எடுத்த காகிதத்தை இருந்த இடத்தின் எண் போட்டுக் கவரில் வை.

முடித்துவிடு என்றுதான் நான் சொல்வேன். படுக்கையில் விரிக்கத்தானே உன் அத்தை உட்கார்ந்து தைத்தார்கள்.

கான்பெரா_கதிர் (ஆஸ்திரேலியா)

எனக்கு மனம் வராது. பிரிட்டனில் 1718 என்று தேதி தைத்த பட்டு ஒட்டுவேலை விரிப்பு ஒன்று இருக்கிறது, குவில்ட்டர்ஸ் கில்ட் என்கிற குவில்ட் தைப்பவர்கள் சங்கத்தின் சேகரிப்பில். அதில் காகிதங்கள் இன்னும் உள்ளே இருக்கின்றன. காகிதம் இருந்தால்தான் அது எப்படித் தைக்கப்பட்டது, வீட்டில் என்ன எழுதினார்கள் என்று பின்னால் வருகிறவர்கள் பார்க்க முடியும். கடிதம் உள்ள பகுதியை மட்டும் தனியாகப் பிரித்துக் கண்ணாடிச் சட்டத்தில் வைத்து, மிச்சத்தை முடிக்கலாமா?

திருச்சி_மருமகள் (திருச்சி)

வெட்டுவதோ பிரிப்பதோ வேண்டாம். நெல்லை அம்மா சொன்னபடி படம் எடுத்துவிட்டு முடிக்கிறேன். அந்த "நலமறி" துண்டில் மட்டும் காகிதத்தை எடுத்துவிட்டு, அதே எழுத்தைப் பின்துணியில் அதே இடத்தில் நூலால் தைக்கப் போகிறேன். லேபிள் அதுவே. ஆனால் தனியாக அடுக்கி முடிக்க எனக்குத் தைரியம் இல்லை, பழைய துணி, எங்கே கிழியுமோ என்று இருக்கிறது.

மாடித்தோட்டம் (வேளச்சேரி)

2019 ஜனவரியில் சென்னையில் நடந்த இந்தியா குவில்ட் ஃபெஸ்டிவலில் பார்த்த குவில்ட்டுகளை நினைத்தால் இப்போதும் ஆசையாக இருக்கிறது. இந்த ஊரில் தைக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம், ஆளுக்கொரு ஹாலில் சோபாவை நகர்த்திக்கொண்டிருக்கிறோம். எங்கள் அடுக்குமாடிக் கிளப் ஹவுஸில் டேபிள் டென்னிஸ் மேஜை இருக்கிறது. 9 அடிக்கு 5 அடி. அடையாறின் 60-க்கு 80 அப்படியே படுக்கும், பேக்கிங் மட்டும் விளிம்பில் கொஞ்சம் தொங்கும், கிளிப் போடத் தோதாக. சனிக்கிழமை மதியம் வரைக்கும் யாரும் விளையாட வர மாட்டார்கள். சங்கத்தில் கேட்டுவிட்டேன், சரி என்றுவிட்டார்கள். நான்கு பேர் நின்றால் ஒரு டாப்பை ஒரு மணி நேரத்தில் ஊக்கு குத்திவிடலாம்.

பஞ்சுப்பொதி (கோயம்புத்தூர்)

அருமை. வருகிறவர்களுக்குப் பைண்டிங் கணக்கும் சொல்லிவிடுகிறேன், அன்றே வெட்டிவிட்டால் பிறகு சாக்கு இருக்காது. 60-க்கு 80-க்குச் சுற்றளவு 280 அங்குலம், மூலைக்கும் கடைசிச் சேர்ப்புக்கும் 10 சேர்த்து 290. பட்டி இரண்டரை அங்குல அகலம், நேர்வெட்டுப் போதும். ஓரம் வளைவாக இருந்தால்தான் கிராஸ் பீஸ், அதாவது சாய்வாக வெட்டிய பட்டி. 44 அங்குலப் பன்னா (அகலம்) துணியில், சாய்வாகச் சேர்ப்பதில் போகிற துணியையும் பார்த்தால் எட்டுப் பட்டி வேண்டும், அதாவது 20 அங்குலம். முக்கால் மீட்டர் வாங்கினால் நனைத்துச் சுருங்கிய பிறகும் தாராளமாக இருக்கும்.

பட்டியை இரண்டாக மடித்து முன்பக்கம் மெஷினில் தையுங்கள். மூலை வருவதற்குக் கால் அங்குலம் முன்பே நிறுத்தி, பட்டியை மேலே சாய்வாக மடித்து, அப்புறம் கீழே மடித்தால் மூலை தானாகக் கூர்மையாக வரும். முடிக்கும்போது பத்து அங்குலம் தைக்காமல் விட்டு, இரண்டு முனையும் ஒன்றன்மேல் ஒன்று பட்டி அகலத்துக்கு, அதாவது இரண்டரை அங்குலம் ஏறும்படி வெட்டிச் சாய்வாகச் சேருங்கள். சேர்த்த இடம் எங்கே என்று தேடினாலும் கிடைக்காது. பின்பக்கம் கையால் எம்மிங்.

அடையாறு_ஊசி (சென்னை)

மாடித்தோட்டம், ரொம்ப நன்றி. சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வந்துவிடுகிறேன். மெரூன் பிட் இரண்டாவது தண்ணீரிலேயே தெளிந்துவிட்டது, அதற்குள் காய்ந்துவிடும். எஃகு ஊக்கு இரண்டு டப்பா, பெரிய கிளிப், மாஸ்கிங் டேப் என்னிடம் இருக்கிறது. காடாத் துணியும் கொண்டு வருகிறேன்.

திருச்சி, நீங்களும் டாப்பை எடுத்துக்கொண்டு ரயில் ஏறுங்கள். படம் எடுத்து முடித்துவிட்டுக் காகிதத்தோடேயே கொண்டு வாருங்கள். கச்சாத்தையல் பிரிக்க ஐந்தாறு கை இருக்கும். எண் எழுதுவதற்குக் கவர் நான் வாங்கி வைக்கிறேன். இரவு என் வீட்டில் தங்கலாம், முகவரி தனிச்செய்தியில்.

திருச்சி_மருமகள் (திருச்சி)

வெள்ளிக்கிழமை இரவு ரயில் பார்த்துவிட்டேன். அத்தையின் திம்பிளும் டாப் இருந்த டப்பாவிலேயே இருக்கிறது, கொண்டு வரவா? பின்துணிக்கு வேட்டி போதுமா, இல்லை புதுத் துணி வாங்க வேண்டுமா?

நெல்லை_நூல்கண்டு (திருநெல்வேலி)

திம்பிள் கட்டாயம் கொண்டு போ. பின்துணிக்குப் புதுத் துணியே வாங்கு, துவைத்துச் சுருக்கி எடுத்துக்கொண்டு போ. பழைய டாப்புக்குப் பழைய பின்துணியும் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து கிழியும். அளவு, டாப்பைவிடப் பக்கத்துக்கு நான்கு அங்குலம் கூடுதல்.